வல்லை வெளி தாண்டும்போது மூச்சு முட்டுகிறது. உளவளத்துணைக்கு (கவுன்சலிங்) போவதென்றால் எங்கே தொடங்குவது?

நெல்லியடிக்காரி

வணக்கம். இங்கே வாசித்துவிட்டுப் போகிற ஆள்தான் நான், எழுதியது குறைவு. பெயர் போட விருப்பமில்லை, ஏனென்று கீழே வாசித்தால் விளங்கும்.

வயது 31. யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பகுதியில் வேலை, வீடு நெல்லியடிப் பக்கம். போன வருடம் அப்பா தவறிவிட்டார். ஆட்டத்திவசம் (வருடத் திதி) முடிந்த கையோடு எனக்குக் கலியாண எழுத்து (பதிவு). அவர் ரொறன்ரோவில், எழுத்து முடிந்து கொஞ்ச நாளில் திரும்பிப் போய்விட்டார், ஸ்பொன்சர் போட்டாயிற்று. விசா எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் வேலையை விட வேண்டும், அம்மாவைத் தனியே விட்டுவிட்டுப் போக வேண்டும், வீட்டை யார் பார்ப்பது என்று அதுவும் முடிவில்லை. காண்கிற எல்லாரும் "உனக்கென்ன பிள்ளை, கனடா போகப்போறாய்" என்கிறார்கள். நானும் சிரித்துவிட்டு வருகிறேன். அவர் நல்ல மனிதர், அதில் ஒரு குறையும் இல்லை. அதனாலேயே யாரிடம் எதைச் சொல்லி அழுவது என்று தெரியவில்லை.

பிரச்சினை தொடங்கியது பஸ்ஸில். சின்ன வயதிலிருந்து போய்வருகிற பாதைதான். ஒருநாள் காலை, ரவுணுக்குப் போகிற வழியிலுள்ள வல்லைப் பாலத்துக்குக் கிட்ட வரும்போது திடீரென்று நெஞ்சு பதகளித்து, விரல்கள் விறைத்து, காதுக்குள் இரைச்சல், மூச்சு உள்ளே போகவே இல்லை என்கிற மாதிரி. இரண்டு பக்கமும் வெளியும் தண்ணீரும்தான், ஒரு வீடு கிடையாது, இதில் விழுந்தால் யார் தூக்குவார்கள் என்ற ஒரே நினைப்பு. அவரங்காலில் கடைகளைக் கண்ட பிறகுதான் உயிர் வந்தது. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், ஒன்றுமில்லை, "கனக்க யோசிக்காதேங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் பஸ் ஏறவில்லை. மாமாவின் மகன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறான், அவனுக்கும் அலுப்பு, எனக்கும் வெட்கம். இப்போது இரவில் 3 மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு விடியும்வரை நித்திரை இல்லை. வேலையில் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

உளவளத்துணை எடுத்தால் நல்லது என்று வேலையிடத்தில் ஒரு அக்கா சொன்னார். எங்கே போவது? மந்திகை ஆஸ்பத்திரி கிட்டத்தான், ஆனால் அங்கே எங்கள் சொந்தக்காரர் வேலை செய்கிறார்கள், நான் வாசலில் நிற்பதைக் கண்டால் பின்னேரத்துக்குள் அம்மாவின் காதுக்கு வந்துவிடும். தெல்லிப்பழைக்கோ ரவுணுக்கோ போகலாம் என்றால் வல்லையைத் தாண்ட வேண்டும், அல்லது தொண்டைமானாற்றுப் பாலத்தால் சுற்றிப் போக வேண்டும், அதுவும் தண்ணீர்தான் (சிரிக்காதீர்கள்). முதல் நாள் என்ன கேட்பார்கள்? குளிசை தந்துவிடுவார்களா? இன்னொன்று, இது எங்காவது பதிவாகி விசா மெடிக்கலில் பிரச்சினை வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

குப்பிழான் அக்கா

தங்கச்சி, முதலில் ஒன்று. நல்ல மாப்பிள்ளை, கனடா, எழுத்து முடிந்தது, பிறகு என்ன கவலை என்று நீங்களே உங்களைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், அதை நிறுத்துங்கள். அப்பாவின் இழப்பு, கலியாணம், ஊரை விட்டுப் போகிற யோசனை, அம்மா, இவ்வளவும் ஒன்றன்பின் ஒன்றாக. இதில் ஒன்று போதும் ஒரு மனிசிக்கு.

நான் போன கதையைச் சொல்கிறேன், முதல் நாள் எப்படி என்று கேட்டபடியால். குடும்பம் பிரிந்து கொழும்பிலிருந்து மகனோடு அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்த காலம். முதலில் போன இடம் எனக்குச் சரிவரவில்லை. இருந்தவர் நான் வாயைத் திறந்து கொஞ்ச நேரத்திலேயே "பொம்பிளையள்தான் பொறுத்துப் போக வேணும், பிள்ளையை யோசியுங்கோ" என்று தொடங்கிவிட்டார். அது எனக்குச் சித்தி வீட்டிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. பிறகு இன்னொருவரிடம் போனேன். சின்ன அறை, ஒரு மேசை, மேசையில் ரிசுப் பெட்டி, கதவுக்கு வெளியே "உள்ளே ஆள் உண்டு" என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தது. அந்த மட்டையைக் கண்டதும் ஏனோ ஒரு நிம்மதி. பெயர், வயது, வீட்டில் யார் யார், நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, சாக வேண்டும் என்று நினைப்பு வருகிறதா என்று நேரே கேட்டார். கடைசிக் கேள்வியில் நான் பயந்துவிட்டேன், பிறகுதான் தெரிந்தது அதை எல்லாரிடமும் கேட்பார்கள் என்று. பிறகு "எதைச் சொல்ல வந்தீர்களோ அதிலிருந்து தொடங்குங்கள்" என்றார். நான் சொல்லவே இல்லை, அழுதேன். அவர் அழ விட்டார். சமாதானம் சொல்ல ஓடி வரவில்லை, மணிக்கூட்டைப் பார்க்கவும் இல்லை.

வழமையாக முக்கால் மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் அப்படித்தான் இருக்கும். முதல் நாளிலேயே மனம் லேசாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு அன்று தலையிடியோடுதான் வீடு வந்தது. ஆனால் அடுத்த கிழமை போக வேண்டும் போல இருந்தது, அதை வைத்துத்தான் ஆள் சரி என்று முடிவெடுத்தேன். இரண்டு மூன்று தரம் போய்ப் பாருங்கள், ஒத்துவராவிட்டால் ஆளை மாற்றுங்கள். மாற்றுவதற்குக் காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை.

ஒரு கொப்பியில் எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் வருகிறது, அந்த நேரம் என்ன நினைத்தீர்கள் என்று இப்போதே குறித்து வையுங்கள். அங்கே போனால் பாதி மறந்துவிடும்.

---

பிளேன்ரீ

சுகாதாரத்துறையில் இருக்கிறேன், எங்கே என்று சொல்லவில்லை.

தங்கச்சி சொல்வது பதகளிப்புத் தாக்கம் (பனிக் அற்றாக்) போலத்தான் இருக்கிறது, ஆனால் இணையத்தில் எழுதியதை வைத்து யாரும் நோய் சொல்லக்கூடாது. ஈசிஜி எடுத்தது நல்லது. இரத்தப் பரிசோதனையும் ஒன்று செய்யுங்கள். தைரொயிட் கூடினாலும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், நித்திரை வராது. இரத்தம் குறைந்தாலும் மூச்சு வாங்கும், படபடக்கும். இரண்டும் பெண்களில் சாதாரணம். அதைப் பார்த்துவிட்டால் "வேறு ஏதாவது வருத்தமோ (நோயோ)" என்ற யோசனையும் போய்விடும். தேத்தண்ணியும் கோப்பியும் ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறீர்கள் என்றும் பாருங்கள் (என் பெயரைப் பார்த்துவிட்டுச் சிரிக்க வேண்டாம்), பின்னேரத்துக்குப் பிறகு நிறுத்தினால் 3 மணி முழிப்பிலும் கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம்.

வல்லையில் என்ன நடந்தது என்றால், உடம்பு ஆபத்து என்று முடிவெடுத்து அதிரினலினை விட்டிருக்கிறது. சில வீட்டு நாய் கள்வனுக்கும் குரைக்கும், தபால்காரனுக்கும் குரைக்கும், அப்படி வைத்துக்கொள்ளுங்கள். குரைப்பு உண்மை, கள்வன்தான் இல்லை. மூச்சை வேகமாக இழுக்க இழுக்க இரத்தத்தில் கரியமிலவாயு குறையும், அதனால்தான் விரல் விறைப்பதும் தலை சுற்றுவதும், மூச்சுப் போதாததால் இல்லை. பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தானே இறங்கும். ஆகவே அந்த நேரம் பெரிதாக மூச்சை இழுக்காமல், மெதுவாக, நீளமாக வெளியே விடுவதில் கவனம் வையுங்கள். அவரங்கால் கடையைக் கண்டதால் மூச்சு வந்தது என்று நினைக்கிறீர்கள். கடை இல்லாவிட்டாலும் வந்திருக்கும்.

குளிசை பற்றி. உளவளத்துணையாளர் மருந்து எழுத மாட்டார், மருந்து எழுதுவது டொக்டர் மட்டும். உளமருத்துவரிடம் போனாலும் எல்லாருக்கும் மருந்து இல்லை. கொடுத்தால் பெரும்பாலும் செர்ட்ராலின், எசிட்டலோபிராம் போன்றவைதான், வேலை செய்யத் தொடங்க 2 முதல் 6 கிழமை எடுக்கும், தொடக்கத்தில் வயிற்றைப் பிரட்டலாம். இவை போதையாகப் பழகிப்போகிற மருந்துகள் இல்லை, ஆனால் நினைத்தபடி சட்டென்று நிறுத்தவும் கூடாது. பழகிப்போவது டயசிபாம், அல்பிரசோலம் வகை. தெரிந்தவர் தந்தார், பாமசியில் கேட்டு வாங்கினேன் என்று அந்த நித்திரைக் குளிசைகளைப் போடாதீர்கள். ஊரில் இது கூடிக்கொண்டு போகிறது, பார்க்க எரிச்சலாக இருக்கிறது.

போகிற இடங்கள்: ரவுணிலுள்ள போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை, மந்திகை எல்லாவற்றிலும் உளநலச் சேவை உண்டு, காசு இல்லை. ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) சொன்னால் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். வெளியே போக ஏலாத இரவுகளுக்கு 1926, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணித்தியாலமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். 1333 என்ற உளவளத்துணை இலக்கமும் இருக்கிறது, அதற்கும் கட்டணம் இல்லை. இந்த இலக்கங்கள் சாகப்போகிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் எடுக்காமல் விடுகிறார்கள். எங்கே போவது என்று கேட்கவும் எடுக்கலாம்.

---

பழைய மனிசன்

எல்லாரும் கோபிக்கக்கூடாது, நான் ஒன்று கேட்கிறேன். 1995 ஒக்ரோபர் 30, மழை, இரவு, வலிகாமம் பகுதிச் சனம் முழுக்கப் போரால் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் நடந்தது. என் தாயைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனேன். தாகத்துக்குக் குடையை மலர்த்திப் பிடித்து மழைத் தண்ணி குடித்தவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு யார் உளவளத்துணை தந்தார்கள்? வந்தோம், வேலை செய்தோம், பிள்ளைகளைப் படிப்பித்தோம். இப்போது பஸ்ஸில் போகப் பயம் என்றால் அதற்கும் ஒரு ஆள், ஒரு அறை. பிள்ளை, சந்நிதிக்கு ஒரு வெள்ளிக்கிழமை போய் முருகனைக் கும்பிட்டு, மடத்தில் அன்னதானம் சாப்பிட்டுவிட்டு, மரத்துக்குக் கீழே கொஞ்சம் இருந்துவிட்டு வா. மனம் அடங்கும். பழுது சொல்லவில்லை, என் அனுபவம்.

---

குப்பிழான் அக்கா

அண்ணை, சந்நிதிக்குப் போகச் சொன்னது சரி, நானும் போகிறனான். ஆனால் அந்த நடைக்குப் பிறகு எங்கள் வீட்டில் அப்பா இரவில் ஒரு சத்தம் கேட்டால் கட்டிலை விட்டுக் கீழே இறங்கி இருப்பார், சாகும்வரை. பக்கத்து வீட்டு ஐயா குடிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். சமாளித்தோம் என்கிற கணக்கில் அவர்களையும் சேர்க்கிறீர்களா?

---

பழைய மனிசன்

சேர்க்கவில்லை. விளங்குது.

---

உள்ளே ஆள் உண்டு

(குப்பிழான் அக்காவின் மட்டையைப் பெயராக எடுத்துக்கொண்டேன், மன்னிக்க வேண்டும். நான் அந்த மட்டைக்கு உள்பக்கம் இருக்கிறவன். கனகாலமாக உளவளத்துணையாளராக வேலை.)

ஐயாவின் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் இங்கே உளநல வேலையே அந்தக் கேள்வியோடுதான் வளர்ந்தது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வேலை செய்த உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று எழுதியவர். பதகளிப்பைத் தணிக்கிற பயிற்சிகளில் சைவருக்கு ஓம், கிறிஸ்தவருக்கு யேசுவின் பெயர், முஸ்லிம்களுக்கு அவர்களுடைய திக்ரு (இறைவனை நினைந்து ஓதுவது) என்று சனத்துக்குப் பழக்கமானதையே பயன்படுத்தலாம் என்று காட்டியவரும் அவர்தான். ஆகவே தங்கச்சி சந்நிதிக்கும் போகலாம், உளவளத்துணைக்கும் போகலாம், ஒன்று மற்றதுக்கு எதிரி இல்லை. நாங்கள் ஒருவரையும் கோயிலுக்குப் போகாதே என்று சொல்வதில்லை. கோயில் வாசலில் நின்று பயத்தை ஒத்திவைத்துவிட்டு வீட்டுக்கு வந்து பஸ்ஸைத் தவிர்த்துக்கொண்டிருந்தால்தான் சிக்கல்.

தவிர்ப்பதுதான் இங்கே முக்கியமான சங்கதி. மோட்டார் சைக்கிளில் போகிற ஒவ்வொரு நாளும் "நல்லகாலம் பஸ்ஸில் போகவில்லை, தப்பினேன்" என்று உடம்பு படித்துக்கொள்கிறது. பயம் குறையாமல் இருப்பதற்கு அதுவே போதும். முதலில் பஸ், பிறகு பாலம் எல்லாம், பிறகு கூட்டம் உள்ள கடை, இப்படிப் பரவும். தொண்டைமானாற்றுப் பாலத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் பகிடியாகச் சொன்னாலும் நான் அதைக் கவனித்தேன். இதற்குச் செய்கிற சிகிச்சையில் பெரும்பகுதி படிப்படியாகத் திரும்பப் பழகுவதுதான். முதல் படி பஸ் தரிப்பிடத்தில் நிற்பதாகக்கூட இருக்கலாம். பிறகு நெரிசல் இல்லாத நேரத்தில் ஒருவரோடு ஒரு சின்னத் தூரம். பிறகு வல்லைக்கு இந்தப் பக்கம்வரை. பிறகு தாண்டி அவரங்கால். பயம் ஏறும்போது பாதியில் இறங்காமல் அது தானாக இறங்கும்வரை இருப்பதுதான் கடினமான இடம், அதைத் தனியே செய்ய வேண்டாம் என்பதற்காகத்தான் ஒரு ஆள். பதகளிப்புக்கான இந்த வகைச் சிகிச்சை கிழமைக்கு ஒருதரம் என்ற கணக்கில் பெரும்பாலும் 8 இலிருந்து 20 தரம்வரை போகும். வருடக்கணக்கில் இழுப்பார்கள் என்ற பயம் வேண்டாம்.

ஆனால் உங்களுக்கு பஸ் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். எங்களிடம் வருகிற நிறையப் பேர் உடம்பின் கதையோடு வருவார்கள், நெஞ்சு, மூச்சு, தலை, நித்திரை. அடியில் பார்த்தால் ஏதோ ஒன்று முடியவில்லை, ஏதோ ஒன்று தொடங்கவும் இல்லை, ஆள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். விசா காத்திருக்கிற பெண்பிள்ளைகள் இப்படி நிறைய வருகிறார்கள். பெட்டி கட்டவும் ஏலாது, அவிழ்க்கவும் ஏலாது, ஒரு புதுக் கதிரை வாங்கலாமா என்றுகூட முடிவெடுக்க ஏலாது. அதில் யாரும் அழுகையை எதிர்பார்ப்பதில்லை, ஏனென்றால் வெளியில் பார்த்தால் சந்தோச விசயம்.

ஒரு கேள்வி கேட்கிறேன், பதிலை இங்கே எழுத வேண்டாம், போகிற இடத்தில் சொல்லுங்கள். அப்பா வருத்தமாக இருந்தபோது அவரை ரவுணிலுள்ள பெரியாஸ்பத்திரிக்கு எந்த வழியால் கொண்டுபோனீர்கள்?

இரகசியம் பற்றி. சொல்வது வெளியே போகாது என்பது எங்கள் தொழிலின் அடிப்படை. விதிவிலக்கு, உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, ஒரு சிறுபிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்று தெரியவந்தால், நீதிமன்றம் கேட்டால். நல்ல ஆள் என்றால் முதல் நாளே இதைத் தானாகச் சொல்வார். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். எங்கே படித்தீர்கள், பதகளிப்போடு வேலை செய்த அனுபவம் இருக்கிறதா, உங்களுக்கு மேற்பார்வை செய்கிறவர் இருக்கிறாரா, இதையெல்லாம் கேட்கலாம், நாங்கள் கோபிக்க மாட்டோம். கோபிக்கிற ஆள் என்றால் எழும்பி வாருங்கள். வாசலில் பலகை தொங்குவதை மட்டும் நம்ப வேண்டாம், இரண்டு நாள் பயிற்சிப் பட்டறைக்குப் போய்விட்டுப் பலகை மாட்டியவர்களை எனக்குத் தெரியும்.

மந்திகையில் சொந்தக்காரர் என்ற பிரச்சினைக்கு ஒரு வழி. பல பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், சனத்துக்கே தெரியாது. உங்களுக்குக் கரவெட்டி. வல்லை தாண்டத் தேவையில்லை, காசு இல்லை. அதைவிட முக்கியம், பிரதேச செயலகத்துக்கு யார் எதற்கு வருகிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. அத்தாட்சிப்பத்திரம், அடையாள அட்டை, ஓய்வூதியம், காணிப் பிரச்சினை என்று சனம் வந்துகொண்டே இருக்கும். முதலில் போனில் எடுத்து அந்த உத்தியோகத்தர் எந்த நாளில் கந்தோரில் இருப்பார் என்று கேளுங்கள், அவர்கள் அடிக்கடி வெளிக்களத்துக்குப் போகிறவர்கள். தேவையென்றால் அவரே டொக்டருக்கு அனுப்புவார். பிறகு வல்லை தாண்டக்கூடிய நிலை வந்தால் யாழ்ப்பாணத்தில் சாந்திகம் இருக்கிறது, போர்க்காலத்திலிருந்தே இந்த வேலை செய்கிற இடம். கத்தோலிக்க மறைமாவட்டத்தின் அகவொளியும் இருக்கிறது, சைவப் பிள்ளை போகலாமா என்று கேட்க வேண்டாம், போகலாம்.

---

ஸ்காபரோ தம்பி

அக்கா, விசா கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை, அதனால் நான். இங்கே குடிவரவு ஆலோசகர் கந்தோர் ஒன்றில் வேலை செய்கிறேன், நான் சட்டத்தரணி இல்லை.

கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் மருத்துவக் காரணத்தால் மறுப்பதற்கு மூன்று வழி. பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்து, பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்து, மருத்துவச் செலவு அளவுக்கு மிஞ்சிப்போவது. கணவன் மனைவியை ஸ்பொன்சர் செய்கிறபோது இந்த மூன்றாவது காரணத்தைப் பார்ப்பதே இல்லை, சட்டம் அவர்களுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. பதகளிப்புக்கு உளவளத்துணை எடுத்தது முதல் இரண்டிலும் அடங்காது. மெடிக்கலில் டொக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், ஒளிக்காதீர்கள். பொய் சொன்னது பிறகு தெரியவந்தால்தான் பெரிய தலையிடி, 5 வருடம் தடை வரைக்கும் போகலாம்.

ஒன்லைனில் இங்கிருந்து தமிழில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் கனடாக் காசு, ஒரு மணித்தியாலத்துக்கு நூறு டொலருக்கு மேலே போகும். பிறகு அம்மா குசினியில் நிற்கும்போது அறைக்குள் இருந்து போனில் அழுவது எப்படி என்று யோசியுங்கள். என் ஒன்றுவிட்ட தங்கச்சி அளவெட்டியில் இருந்து செய்தவள், வீட்டுக்குப் பின்னால் வாழைக்குள் நின்று கதைப்பாளாம், நுளம்புக்கு இரத்தம் கொடுத்தது மிச்சம். கிட்ட ஒரு அறை கிடைத்தால் அதுதான் நல்லது.

இன்னொரு விசயம், கேட்காமல் சொல்கிறேன். அண்ணாவிடம், உங்கள் அவரிடம், சொன்னீர்களா? இங்கே வந்து இறங்குகிற அக்காமாரை நான் பார்க்கிறேன். வந்து முதல் குளிர்காலத்தில் தனியே பேஸ்மென்றில், அவர் இரண்டு வேலை, இவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு. வல்லை வெளியில் வந்தது அங்கேயும் வரலாம். வருமுன்னமே அவருக்குத் தெரிந்திருந்தால் நல்லது.

---

பிளேன்ரீ

தம்பி கடைசியாகச் சொன்னது நல்ல விசயம். ஆனால் முதலில் தங்கச்சி ஒருதரம் போய்வரட்டும், பிறகு அவருக்குச் சொல்வதை அங்கேயே கதைத்து முடிவெடுக்கலாம். எல்லாவற்றையும் இந்தக் கிழமையே செய்யச் சொல்லாதீர்கள்.

---

நெல்லியடிக்காரி

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. பழைய மனிசன் ஐயாவுக்கும் நன்றி, உங்களில் எனக்குக் கோபம் இல்லை, எங்கள் அப்பாவும் இப்படித்தான் கதைப்பார்.

உள்ளே ஆள் உண்டு, நீங்கள் கேட்ட கேள்விக்கு நீங்கள் சொன்னபடி இங்கே பதில் எழுதவில்லை. ஆனால் வாசித்துவிட்டுக் கனநேரம் போனைக் கீழே வைத்துவிட்டு இருந்தேன். அம்புலன்சில் நான்தான் கூடப் போனேன். சரி, மிச்சம் அங்கே.

கரவெட்டிக்கு இன்று காலை போன் எடுத்தேன். மூன்றாவது ஆளுக்குத்தான் இணைப்புக் கிடைத்தது, முதல் இரண்டு பேரும் "என்ன விசயம்" என்று கேட்க நான் "தனிப்பட்ட விசயம்" என்று சொல்லிச் சமாளித்தேன். உத்தியோகத்தர் ஒரு பெண், குரல் நல்லாக இருந்தது, வருகிற செவ்வாய் வரச் சொன்னார். அம்மாவிடம் ஸ்பொன்சருக்குப் பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தின் புதுப் பிரதி எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அது பொய்யும் இல்லை, எடுக்கத்தான் வேண்டும்.

ஒரு கேள்வி மட்டும். போய் இருந்தவுடன் முதல் வசனம் என்ன சொல்வது? "எனக்குப் பஸ்ஸில் பயம்" என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

---

உள்ளே ஆள் உண்டு

அந்த வசனத்தையே சொல்லுங்கள். "எனக்குப் பஸ்ஸில் பயம், சொல்ல வெட்கமாக இருக்கிறது" என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அவருக்கு வேலை பாதி சுகம். வாய் வராவிட்டால் நீங்கள் மேலே எழுதிய முதல் பதிவைப் போனில் திறந்து அவரிடம் நீட்டுங்கள். எங்களிடம் அப்படி நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நாங்கள் வாசிப்போம்.

---

குப்பிழான் அக்கா

ஈசிஜித் துண்டையும் அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வெறும் வயிற்றோடு போய் அழுதால் தலை சுற்றும். அத்தாட்சிப்பத்திரத்துக்கு விண்ணப்பத்தை முதலே நிரப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனீர்கள் என்றால் வெளியே வரும்போது அதுவும் ஆகியிருக்கும்.